பெயர் சொல்லாத சத்தியம்

ராவன்ஃபோர்டு கோட்டை,
மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள்

என் வால்ரன் பிரபுவுக்கு,

ஹவிஸ் எழுதுவது. முழங்காலுக்குத் தடவ வாத்துக் கொழுப்பு கொடுத்தனுப்பினேனே, தடவுகிறீர்களா, இல்லை அதையும் ரொட்டியில் பூசித் தின்றாயிற்றா? லண்டன் போய்ச் சேர்ந்து இத்தனை நாளாகியும் ஒரு வரி வரவில்லை. உங்களுக்கு எழுதத் தெரியாது, சரி. வாயால் சொல்லத் தெரியும் அல்லவா? ஒஸ்பெர்ட் சாமியை உங்களோடு அனுப்பியது பூசை வைக்க மட்டும் இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்விட்டது. போகிற போக்கில் பாலத்தின் நடுத்தூணை அசைத்துவிட்டுப் போனது. உங்கள் மகன் ஐவோ அந்தக் குளிர்ந்த தண்ணீரில் மார்பளவு இறங்கி, ஆட்களோடு ஆளாக நின்று முட்டுக் கொடுத்தான். பிரபு வீட்டுப் பிள்ளை செய்கிற வேலையா இது என்று திட்டினேன். "பாலம் விழுந்தா பிரபு வீட்டுப் பிள்ளையும் சேர்ந்துதாம்மா விழுவான்" என்கிறான். வாய் அப்படியே உங்கள் அப்பாவுடையது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒஸ்பெர்ட் சாமி, இதற்கு மேல் தயவுசெய்து வாய்க்குள் படியுங்கள். உங்கள் குரல் இருக்கும்போது நம் கோயிலுக்கு மணி எதற்கு என்று ஊரே கேட்கிறது.

அரசர் தாம் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு முடிசூட்டப் பார்க்கிறாராம். கோட்டை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இளவரசர் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்ய வேண்டுமாம். கடலுக்கு அப்பால் கோமகன் கப்பல் சேர்க்கிறார் என்றும் சொல்கிறார்கள். பழைய அரசரின் மகள் வயிற்றுப் பேரன் அவர். இந்த முடி தனக்குச் சேர வேண்டியது என்று தொட்டிலில் கிடந்தபோதே கேட்டு வளர்ந்தவர். இந்த இரண்டு வீட்டுச் சண்டையில் நம் ஊர் எத்தனை முறை எரிந்து எத்தனை முறை கூரை மாற்றியது என்று உங்களுக்குத் தெரியும்.

அரசரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. ஆனால் அரசர் வேறு, அவர் மகன் வேறு. நாளைக்குக் கோமகன் ஜெயித்தால், இளவரசர் பெயரைச் சொன்னவர்களின் கோட்டைகளைத்தான் முதலில் இடிப்பார். அதனால் புனிதரின் எலும்புப் பேழைமேல் கை வைக்கும்போது, "அரசருக்கும் அவருடைய வாரிசுக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். அதில் யாரும் குற்றம் காண முடியாது. அவருடைய வாரிசு யார் என்று அவருக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். நாம் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்?

உங்கள்
ஹவிஸ்


லண்டன்,
சாம்பல் புதன் கழிந்த வெள்ளி

என் ஹவிஸுக்கு,

வால்ரன் சொல்ல, ஒஸ்பெர்ட் எழுதுவது. கொழுப்பை முழங்காலில்தான் தடவினேன். கொஞ்சம் ரொட்டியிலும்.

எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. இளவரசர் தலையில் திருத்தைலம் பூசுங்கள் என்று அரசர் ஆயர்களைக் கேட்டார். அவர்கள் போப்பாண்டவரின் ஓலையைக் காட்டி முடியாது என்றார்கள். அரசர் எல்லோரையும் ஒரு வீட்டில் வைத்துப் பூட்டி, வாசலில் எங்களைக் காவல் போட்டார். கிழட்டுப் பேராயர் மீன் கூடையில் உட்கார்ந்து பின் ஜன்னல் வழியாக இறங்கி, படகேறிப் போய்விட்டார். பேராயர் இல்லாமல் முடிசூட்டு ஏது? மற்றவர்களைத் திறந்துவிட்டோம். அவர்கள் நிமிர்ந்து நடந்துபோனார்கள், எங்களுக்குத்தான் அவமானமாக இருந்தது.

அன்றைக்கு அரசர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தம் கிண்ணத்திலிருந்தே குடிக்கக் கொடுத்தார். மிகவும் தளர்ந்துபோயிருக்கிறார். "ஒரு சொட்டு எண்ணெய்யா வால்ரன். என் பையன் தலையில ஒரு சொட்டு எண்ணெய் வைக்க இவங்களுக்கு என்னய்யா வலிக்குது? நான் கண்ணை மூடின அன்னிக்கே அவனை நாய் மாதிரி விரட்டுவாங்க. அதைப் பாக்கவா இருபது வருஷம் குதிரை மேலயே கிடந்தேன்?" என்றார்.

எண்ணெய் கிடைக்கவில்லை என்பதால் சத்தியத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என் முறை வந்தது. பேழைமேல் கை வைத்தேன். நீ சொன்னபடியே, "அரசருக்கும் அவருடைய வாரிசுக்கும்" என்றேன். இளவரசர் சிரித்தார். "இது வீட்டம்மா சொல்லிக் குடுத்த பாடமாச்சே. சாமி படிச்சப்போ நானும் கேட்டேனே!" ஒஸ்பெர்ட் வாய்க்குள்தான் படித்தார், ஹவிஸ். அவர் வாய்க்குள் படித்தால் அடுத்த மேசைக்கு மட்டும்தான் கேட்கும். இளவரசர் அந்த மேசையில் இருந்திருக்கிறார்.

அரசர் கையை அசைத்தார். "விடுறா. வாரிசுன்னா நீதானே. எனக்கு வேற யாரு இருக்கா?" என்றார். அரசர் அப்படி ஒத்துக்கொண்டதே தப்பாகிவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் என் சத்தியத்தையே சொன்னார்கள். ஒருவர் வாயிலும் பெயர் வரவில்லை. முன்னால் பெயர் சொல்லிச் சத்தியம் செய்தவர்கள் என்னை முறைத்தார்கள்.

இளவரசர் வெளியே வந்து என் தோளில் கை போட்டார். "பேருதான் சொல்லல. பிள்ளையையாவது அனுப்புங்க. ஐவோ என் கூட இருக்கட்டும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மறுக்க முடியாத அன்பு. அவனைப் புறப்படச் சொல்.

வால்ரன்


ராவன்ஃபோர்டு,
குருத்து ஞாயிறு

வால்ரன் பிரபுவுக்கு,

ஐவோ போய்விட்டான். நான் ஒரு பெயரை எடுத்து வைத்துக்கொண்டேன், அதற்கு இளவரசர் என் பிள்ளையை எடுத்துக்கொண்டார். கணக்குச் சரியாகிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றினால் எனக்கு எழுதாதீர்கள்.

போகிறபோது சந்தோஷமாகத்தான் போனான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வைத்தேன், ஒன்றை எடுத்து வாயிற்காவலன் வுல்ஃப்ரிக்குக்குக் கொடுத்துவிட்டான். "அங்க சண்டை போடப் போறேம்மா, காலைக் காயவைக்க இல்ல" என்றான். பாலத்தின் மறுகரையில் திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். நடுத்தூணைத்தான் குனிந்து பார்த்தான்.

அதற்குள் கோமகன் கரையிறங்கிவிட்ட செய்தி வந்தது. நேற்று அவருடைய வீரன் ஒருவன் நம் வாசலில் வந்து நின்றான். நான் மதில்மேல் நின்று பேசினேன்.

"அம்மா, எங்க ஆளுங்க பாலத்தைத் தாண்டணும். ஒரு பொருளைத் தொட மாட்டாங்க" என்றான்.

"எல்லாப் படையும் அப்படித்தான் சொல்லிட்டு வருது. எங்க கோழிக்கே இது தெரியும்" என்றேன்.

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க வீட்டுக்காரர் இளவரசர் பேரைச் சொல்லலையாமே. கோமகன் காதுக்கு வந்துச்சு. ரொம்பச் சந்தோஷப்பட்டார். நீங்க யார் பக்கம்னு எங்களுக்குப் புரியுதும்மா."

கடல் கடந்து வந்தவன்வரைக்கும் அந்த வார்த்தை போயிருக்கிறது, அதற்கு ஒரு அர்த்தமும் முளைத்திருக்கிறது. "எங்க வீட்டுக்காரர் சொன்னது உனக்குப் புரிஞ்சிருந்தா எனக்கும் கொஞ்சம் சொல்லிட்டுப் போ" என்று சொல்லி, வுல்ஃப்ரிக்கை விட்டுப் பாலத்தின் நடுப்பலகைகளைக் கழற்றச் சொன்னேன். கோமகனுக்கு நான் வழிவிட்டால் இளவரசர் கூடாரத்தில் ஐவோவின் கழுத்து என்ன ஆகும்? ஒரு பக்கமும் சாயாமல் இருக்கத்தானே அந்த யோசனையைச் சொன்னேன். இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் இழுக்கிறார்கள்.

அவனை உங்கள் கண் முன்னாலேயே வைத்திருங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

உங்கள்
ஹவிஸ்


ஆற்றங்கரைப் பாசறை,
ஸ்நாபக அருளப்பர் திருநாள் கழிந்து

ஹவிஸுக்கு,

வால்ரன் சொல்ல, ஒஸ்பெர்ட் எழுதுவது. உட்கார்ந்து படி.

ஆற்றுத்துறையில் மரக்கோபுரம் ஒன்று இருக்கிறது. கோமகன் வருகிற வழி. இளவரசர் அதைக் காக்க ஐவோவைக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவன் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனான். "பேர் சொல்லாத வீட்டுப் பிள்ளைன்னு எல்லாரும் சொல்றாங்கப்பா. சாப்பிடும்போதுகூடச் சொல்றாங்க. ஒரு தடவை நான் போய்க் காட்டிட்டு வந்துடறேன். அப்புறம் சொல்ல மாட்டாங்க" என்றான். நான் விட்டுவிட்டேன்.

கோமகன் மூன்று முறை ஆள் அனுப்பி இறங்கச் சொன்னாராம். இளவரசர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், அதை நம்பி இவன் இறங்கவில்லை. இளவரசர் வரவில்லை. கோபுரம் பிடிபட்டது. பிடிபட்ட பிரபு வீட்டுப் பிள்ளையை உயிரோடு வைத்துப் பேரம் பேசுவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் மற்ற கோட்டைகள் பயப்பட வேண்டும் என்று கோமகன் நினைத்தார். கோபுரத்தில் இருந்த எல்லோரையும் தூக்கில் போடச் சொன்னார்.

எல்லோரையும், ஹவிஸ்.

(அம்மா, இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நான் காத்திருந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். ஒஸ்பெர்ட்.)


ராவன்ஃபோர்டு,
நாள் தெரியவில்லை

வால்ரனுக்கு,

ஐவோவை வீட்டுக்கு அனுப்பினதற்கு நன்றி. மாட்டுவண்டியில் வந்தான். நம் கோயில் சுவரோரம், வெயில் படுகிற பக்கம் வைத்தோம். வழியில் படை நிற்கிறது என்று தெரிந்தும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவருக்குச் சோறு போட்டேன்.

உங்கள்மேல் பழி போட்டுத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன், மூன்றையும் அடுப்பில் போட்டேன். நீங்கள் போக விட்டீர்கள். இளவரசர் அனுப்பினார். ஆனால் அவன் போய் நிரூபிக்க வேண்டியிருந்தது என்னால். ஒரு வார்த்தையை மறைத்துக் கோட்டையைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்தேன் என்னை. கோட்டை நிற்கிறது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், எந்த அறையிலும் உட்கார முடியவில்லை.

அரசரிடம் சொல்லுங்கள். கோமகனின் ஆட்கள் இரண்டு முறை பாலத்தை முயன்று பார்த்தார்கள். நான் விடவில்லை. கடைசிக் கல் இருக்கும்வரை விடமாட்டேன். இது இளவரசருக்காக இல்லை, அரசருக்காகவும் இல்லை. என் பிள்ளையைத் தூக்கில் போட்டவன் நான் திறந்த வாசலில் நுழையக் கூடாது, அவ்வளவுதான்.

ஹவிஸ்


வின்செஸ்டர்,
புனித மிக்கேல் திருநாளுக்குப் பின் மூன்றாம் வாரம்

என் ஹவிஸுக்கு,

வால்ரன் சொல்ல, ஒஸ்பெர்ட் எழுதுவது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாதா விண்ணேற்புத் திருநாள் கழிந்த மறுநாள் இளவரசர் சாப்பாட்டில் உட்கார்ந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாரம் முடிவதற்குள் போய்விட்டார். விஷம் என்றார்கள், சாபம் என்றார்கள், கெட்ட மீன் என்றார்கள். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரத்துக்கு நான் சிரிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அரசர் தரையில் உட்கார்ந்து மகனின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அவருக்குப் போர் மேல் ஆசை விட்டுப்போயிற்று. பூட்டி வைத்தாரே, அதே ஆயர்கள் நடுவில் நின்று பேசினார்கள். போன வாரம் முடிந்தது. அரசர் சாகும்வரை முடி அவருடையது. கோமகனை அவர் மகனாக ஏற்றுக்கொண்டார். எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து, "என் மகன், என் வாரிசு" என்றார். குரல் உடைந்தது. ஆனால் சொல்லிவிட்டார்.

எல்லோரும் புதிதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நான் மறுத்துவிட்டு, கோட்டையைக் கொடுத்துவிட்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன். ஆயர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இளவரசர் பேரைச் சொன்னவங்க சத்தியம் அவரோட செத்துப்போச்சு. அவங்க புதுசா பண்ணணும், இஷ்டம் இல்லன்னா போகலாம். நீங்க பண்ண வேண்டியதே இல்ல. நீங்க அன்னிக்கே இவருக்குத்தான் சத்தியம் பண்ணியிருக்கீங்க. அரசரோட வாரிசுக்கு."

ஹவிஸ், பேழைமேல் கை வைத்துச் சொன்ன சொல். நான் எப்படி அதை உடைப்பேன்? சத்தியம் உடைந்து உடைந்துதானே நாடு இப்படி ஆயிற்று?

இன்னொன்றும் இருக்கிறது. கோமகன் புனித மார்ட்டின் திருநாளுக்கு முன் நம் பாலம் வழியாக மேற்கே போகிறார். நம் வீட்டில் தங்குவார். அங்கேயே நான் மண்டியிட்டு, என் இரண்டு கைகளையும் சேர்த்து அவர் கைகளுக்குள் வைத்து, உங்கள் ஆள் நான் என்று சொல்ல வேண்டும். அரசர் என்னிடம் கட்டளையாகச் சொல்லவில்லை. கேட்டார். "உன் பிள்ளை போனான், என் பிள்ளையும் போனான். நீ கதவைத் திறந்தா மத்தவங்க எல்லாரும் திறப்பாங்க, வால்ரன். நீ மூடினா நாளைக்கே மறுபடியும் ஆரம்பிச்சிடும். என்னால முடியலய்யா" என்றார்.

அவரைப் பக்கத்தில் பார்த்தேன். கோமகனைச் சொல்கிறேன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஐவோ வயதுதான். "அந்தக் கோபுரத்துல உங்க பிள்ளை இருந்தான்னு எனக்கு அப்புறம்தான் தெரியும்" என்றார். தெரிந்திருந்தால் விட்டிருப்பாரா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

கதவைத் திறந்து வை, ஹவிஸ். கட்டளையிடவில்லை. அரசர் என்னைக் கேட்டது போல நானும் உன்னைக் கேட்கிறேன்.

வால்ரன்


ராவன்ஃபோர்டு,
கல்லறைத் திருநாள்

வால்ரன் பிரபுவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. ஆற்றின் இரண்டு கரையிலும் மணி அடித்தார்கள். வுல்ஃப்ரிக் ஓடிவந்து, "அம்மா, பலகையைத் திரும்பப் போட்டுடலாமா? அந்தக் கரையில என் தங்கச்சி இருக்கா, ஏழு மாசமாச்சு பாத்து" என்றான். மதில்மேல் ஏறிப் பார்த்தேன். மாவு அரைக்கிறவர் மனைவி, மூன்று முறை வீடு எரிந்தவள், தெருவில் கையைத் தட்டிக்கொண்டு ஆடினாள். அவளை நான் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. விதைத்ததை இனி நாமே அறுக்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களிடம் போய், என் மகனுக்காக இன்னும் கொஞ்ச நாள் எரியுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்?

அதனால் பலகைகளைப் போட்டாயிற்று. நான் திறக்கவே மாட்டேன் என்று எழுதியிருந்தேன். திறந்துவிட்டேன். வாசலில் கதவு மூடாமல் இருக்கும். கூடத்தில் புது வைக்கோல் பரப்பச் சொல்லியிருக்கிறேன். பெரிய அறையில் கோமகனுக்குப் படுக்கை. பன்றி ஒன்று அடித்து உப்பில் போட்டிருக்கிறது. அவர் ஆட்கள் கோழியைத் தொட்டால் நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

நீங்கள் செய்வது சரி. இதை நான் மனதாரச் சொல்கிறேன், ஒஸ்பெர்ட் சாமி, இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். நீங்கள் செய்வது சரி. சத்தியத்தை உடைக்கக்கூடிய ஆளாக இருந்திருந்தால் நான் உங்களோடு இத்தனை வருடம் இருந்திருக்க மாட்டேன். அரசர் மகனை இழந்தார், பனி விழுவதற்குள் இன்னொரு மகனைக் கட்டிப்பிடித்துவிட்டார். நாட்டுக்காகச் செய்தார், அவர் மனதும் வெந்துதான் இருக்கும். அவருக்கு வாரிசு கிடைத்துவிட்டது.

ஆனால் சத்தியம் செய்தது நீங்கள். என்னை யாரும் எந்தப் பேழைக்கும் கூப்பிடவில்லை. சொல்லிக் கொடுத்தவள் நான், கட்டுப்பட்டவர் நீங்கள். இந்த அநியாயத்தை நினைத்து ராத்திரி பகலாக அழுகிறேன். உங்களைக் காப்பாற்ற ஒரு வழியும் தெரியவில்லை.

நாளைக் காலை நான் மேற்கேயுள்ள கன்னியர் மடத்துக்குப் போகிறேன். மடத்துத் தாயாரிடம் பேசியாயிற்று. உங்கள்மேல் கோபித்துக்கொண்டு போகவில்லை. கோபம் என்றால் பிறகு ஆறும், திரும்பி வருவேன். கோமகனின் கைகளை நான் நினைத்துப் பார்க்கிறேன். தூக்கில் போடு என்று காட்டிய கை. அதற்குள் உங்கள் கைகள் போக வேண்டும், போய்த்தான் ஆக வேண்டும். போய் வந்த பிறகு அந்தக் கைகளால் நீங்கள் என் தோளைத் தொடுவீர்கள். என்னிடம் ரொட்டி வாங்குவீர்கள். என்னால் முடியாது, வால்ரன். முயன்று பார்க்கிறேன் என்றுகூட என்னால் எழுத முடியவில்லை.

கோமகன் வந்து வீட்டம்மா எங்கே என்று கேட்டால், மகனுக்காகப் பூசை கேட்கப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். பொய் இல்லை. சாவிகள் வுல்ஃப்ரிக்கிடம் இருக்கின்றன. குளிர் ஆரம்பித்துவிட்டது, முழங்காலைப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம், மடத்தில் கடிதம் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஐவோவின் தாய்
ஹவிஸ்